விலை போகாதவை சேரும் இடம்



இந்த அறக்கட்டளை மேடையில் இலக்கியமும் சமயமும் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். கடலின் அடித்தளத்தில் படியும் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னபோது அறங்காவலர்கள் தயங்காமல் இசைந்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு நேரே பொருளுக்கு வருகிறேன்.

மும்பையின் பாண்டுப் மேற்கில் குடியிருக்கும் தமிழர் பலருக்குக் கடல் என்றால் மெரின் டிரைவ் அல்லது ஜுஹு. லோக்கல் ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற இடம். உண்மையில் கடல் நம் ஊரின் கிழக்கு எல்லை. ஸ்டேஷனையும் ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயையும் கடந்து, உப்பளங்களையும் தாண்டினால் அலையாத்திக் காடு வரும். அதற்கப்பால் இங்கே எல்லோரும் ‘காடி’ என்று சொல்கிற தாணே கழி. ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீளமுள்ள உப்பங்கழி அது. தெற்கே மும்பைத் துறைமுகத்தோடு அகன்று கிடக்கிறது. வடக்கே வர வர ஒடுங்கி, தாணே நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கி, உல்லாஸ் நதியின் முகத்துவாரத்தைத் தொடுகிறது.

ஐரோலி பாலத்துக்கும் வாஷி பாலத்துக்கும் நடுவே இந்தக் கழியின் மேற்குப் பகுதியை மகாராஷ்டிர அரசு 2015 ஆகஸ்டில் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. மொத்தம் 1,690 ஹெக்டேர். அதில் 896 ஹெக்டேர் அலையாத்திக் காடு, 794 ஹெக்டேர் நீர்நிலை. சிந்துதுர்க் மாவட்டத்தில் 1987இல் அறிவிக்கப்பட்ட மால்வண் சரணாலயத்துக்குப் பிறகு மாநிலத்தின் இரண்டாவது கடல்சார் சரணாலயம் இதுதான். 2022 ஆகஸ்டில், சுற்றுப்பகுதியையும் சேர்த்து 6,521 ஹெக்டேர் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கணக்கெடுப்புகள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பூநாரைகளை இந்தக் கழியில் பதிவு செய்திருக்கின்றன. நம் பாண்டுப் பம்பிங் ஸ்டேஷன் பறவை பார்ப்பவர்களிடையே நாடறிந்த பெயர்.

பூநாரை எதற்காக இங்கே வருகிறது? நீருக்காக இல்லை, சேற்றுக்காக வருகிறது. வற்றத்தின்போது வெளிப்படும் சேற்றுத் திட்டுகளின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் வளர்கின்றன. வளைந்த அலகைத் தலைகீழாகச் செலுத்தி அவற்றையும் சிற்றுயிர்களையும் பூநாரை வடிகட்டித் தின்கிறது. சேற்றுப் புழு, நண்டு, மட்டி, அவற்றைத் தின்னும் மீன், மீனை நம்பி வாழும் கோலி மக்கள் எல்லாருக்கும் ஆதாரம் அந்தச் சேறுதான். அப்படியானால் இந்தச் சரணாலயத்தில் காக்கப்பட வேண்டிய முதல் பொருள் வானத்தில் பறப்பது அல்ல, கழியின் அடித்தளம்.

அந்த அடித்தளத்துக்குப் பக்கத்தில் நாம் எதை வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். நமக்கு வடக்கே முலுண்ட் குப்பைக் கிடங்கு, 2018இல் மூடப்பட்டது. நமக்குத் தெற்கே காஞ்சூர்மார்க். இன்று மும்பையின் குப்பையில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. அதற்கும் தெற்கே தேவ்னார். 1927 முதல் குப்பை கொட்டப்படும் இடம். மூன்றும் கழியின் மேற்குக் கரையில், அலையாத்தியை ஒட்டி. 2025 மே மாதம் மும்பை உயர் நீதிமன்றம் காஞ்சூர்மார்க் கிடங்கின் ஏறத்தாழ 120 ஹெக்டேர் நிலம் பாதுகாக்கப்பட்ட காடுதான் என்று தீர்ப்பளித்தது. அதை எதிர்த்த மேல்முறையீட்டில், அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. அந்த வழக்கின் நியாயங்களுக்குள் இன்று நான் போகவில்லை. குப்பை மலையின் நாற்றத்தை மழைக்காலத்தில் சுவாசிக்கிற உங்களுக்கு அதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதுமில்லை.

ஆனால் குப்பைக் கிடங்கை மட்டும் குற்றம் சொல்லிவிட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும். பாண்டுப் ஒரு சரிவு. மேற்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் மலை. கிண்டிபாடா, டேம்பிபாடா, சோனாப்பூர் என்று அந்தச் சரிவெங்கும் வீடுகள். மலையில் விழும் மழை நாலாக்களில், அதாவது வடிகால் ஓடைகளில், இறங்கி, எல்.பி.எஸ். மார்க் சாலையையும் ரயில் பாதையையும் அடியில் கடந்து, கிழக்கே கழியில் கலக்கிறது. குப்பை வண்டி ஏற முடியாத சந்துகளில் குடியிருப்பவர்கள் வீட்டுக் குப்பையை நாலா ஓரத்தில் போடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கு முன்னால், அந்தச் சந்துக்கு வண்டிக்குப் பதிலாக ஓர் ஆளைத் தினமும் அனுப்பினோமா என்று கேட்க வேண்டும். எட்டு மாதம் நாலாவில் சேர்ந்தது, ஜூன் மாதத்து முதல் பெருமழையில் ஒரே இரவில் சரணாலயத்துக்குப் போய்விடுகிறது. நாலா அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை இந்த நகரம் 2005 ஜூலை 26 அன்று கண்டது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் பிளாஸ்டிக் பையைப் பற்றி மாநிலம் தீவிரமாகப் பேசத் தொடங்கியது. அன்றைய கவலை, பை நாலாவில் நின்றுவிடுகிறதே என்பது. அது நிற்காமல் போய்விட்டால் எங்கே போகும் என்று கேட்டவர்கள் குறைவு.

எங்கே போகிறது?

பிளாஸ்டிக் மிதக்கும் பொருள் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. கடல்நீரின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.025 கிராம் அளவில் இருக்கிறது. பையும் பக்கெட்டும் செய்யப்படும் பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் அதைவிட லேசானவை. தண்ணீர் பாட்டிலின் பெட் பிளாஸ்டிக் 1.38, மீன்வலையின் நைலான் 1.14, பி.வி.சி. 1.3க்கு மேல். இவை மூன்றும், உள்ளே காற்று அடைபடாவிட்டால், நேரே அடிக்குப் போகும். லேசானவையும் வெகுநாள் மிதப்பதில்லை. நீரில் விழுந்த சில நாளில் பாக்டீரியா படலம் ஒட்டும், அதன்மேல் பாசி, பாசிமேல் சிப்பிக் குஞ்சு, கொட்டலசு. பாரம் ஏற ஏற, பை மெல்ல இறங்கும். கலங்கிய கழியில் இது இன்னும் விரைவு. உப்புநீரும் நன்னீரும் கலக்கும் இடத்தில் வண்டல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. நடுவில் அகப்பட்ட மெல்லிய தாளையும் சேர்த்துக்கொண்டு படிகின்றன.

மும்பையின் ஓதம் வேறு இதற்குத் துணை செய்கிறது. மன்னார் வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது ஐந்து மீட்டர் வரை போகும். நாளுக்கு இருமுறை குப்பை அலையாத்திக்குள் ஏறுகிறது, இருமுறை இறங்குகிறது. வெள்ளை அலையாத்தி மரம் சேற்றிலிருந்து மேல்நோக்கி ஆயிரக்கணக்கான மூச்சுவேர்களை நீட்டியிருக்கும். இறங்கும் நீரிலுள்ள பை அந்த வேர்களில் மாட்டும். அடுத்த ஏற்றம் அதன்மேல் வண்டலைப் பூசும். கழியின் வடபாதி ஒடுங்கியும் ஆழமற்றும் இருப்பதால் உள்ளே வந்ததை வெளிக்கடலுக்கு அடித்துச் செல்லும் விசை அங்கே குறைவு. கரையில் நின்று பார்ப்பவருக்கு நேற்றிருந்த குப்பை இன்று இல்லை. அது போய்விடவில்லை, புதைந்துவிட்டது.

சேற்றின்மேல் ஒரு பை படிந்தால் என்ன நடக்கும் என்பதை அயர்லாந்துக் கரையோரச் சேற்றில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டானியல் கிரீன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு அது. சாதாரணப் பிளாஸ்டிக் பைகளையும், மக்கும் என்று விற்கப்படும் பைகளையும் சேற்றின்மேல் விரித்து ஒன்பது வாரம் விட்டார்கள். பைக்கு அடியில் ஆக்சிஜன் அற்றுப்போனது. சேற்றின் மேல்தோலிலிருந்த நுண்பாசி குறைந்தது. சேற்றுக்குள் வாழும் சிற்றுயிர்கள் குறைந்தன. மக்கும் பைக்கு அடியிலும் இதே நிலைதான். இந்த ஆய்வைப் படித்தபோது எனக்குப் பூநாரைதான் நினைவுக்கு வந்தது. அங்கே குறைந்துபோனது போன்ற நுண்பாசியை நம்பித்தான் பூநாரை ஆண்டுதோறும் இந்தக் கழிக்கு வருகிறது. சரணாலய எல்லைக்குள் ஒருவன் ஒரு பறவையைக் கொன்றால் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972 அவனைச் சிறைக்கு அனுப்பும். அதே பறவையின் உணவுத்தட்டைப் பத்தாயிரம் வீட்டுப் பைகள் மூடும்போது, சட்டத்தின் முன் நிறுத்த ஒரு குற்றவாளி இல்லை.

நம்மில் பலருடைய சொந்த ஊர் திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையில் இருக்கிறது. ஊருக்குப் போனால் அந்தக் கடலையும் நினைத்துப் பாருங்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய 560 சதுர கிலோமீட்டரையும் 1986இல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. அங்கே நீர் தெளிவு. முக்குளித்தால் பவளப் பாரைக் கண்ணால் பார்க்கலாம். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் பல ஆண்டுகளாக முக்குளித்து அந்தப் பார்களைக் கணக்கெடுத்து வருகிறார்கள். பவளத்தின்மேல் கிடக்கும் கழிவில் பெரும்பங்கு அறுந்தும் தொலைந்தும் கைவிடப்பட்டும் போன வலைகள் என்று அவர்களுடைய ஆய்வு காட்டியது. பருத்தி நூல் வலை காலத்தில், மரப்பட்டைச் சாயம் ஏற்றியும்கூட, கடலில் விழுந்த வலை சில மாதத்தில் இற்றுப்போகும். நைலானும் நரம்பு வலையும் வந்த பிறகு விழுந்த வலை விழுந்த இடத்தில் கிடக்கிறது. பவளக் கிளைகளை ஒடிக்கிறது, ஒளியை மறைக்கிறது, மீனும் நண்டும் சிக்கிச் சாக ஆளில்லாமல் மீன்பிடித்துக்கொண்டே இருக்கிறது. ஆசிய பசிபிக் பகுதியில் 159 பவளத் திட்டுகளைப் பார்த்து 2018இல் வெளிவந்த ஆய்வொன்று, பிளாஸ்டிக் தொட்ட பவளத்துக்கு நோய் வரும் வாய்ப்பு 4 விழுக்காட்டிலிருந்து 89 விழுக்காட்டுக்கு ஏறுகிறது என்றது.

இரண்டு கடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் வலையை முக்குளித்துக் கையால் அறுத்தெடுக்கலாம்; மெதுவான வேலை, ஆனால் செய்ய முடிந்த வேலை. தாணே கழியில் அது முடியாது. முகத்துக்கு நேரே நீட்டிய கையே தெரியாத கலங்கல் நீர். எந்திரத்தை இறக்கிச் சேற்றை வாரினால் எதைக் காக்க வந்தோமோ அந்தச் சேற்று வாழ்க்கையே போய்விடும். ஒருமுறை படிந்ததை நாம் எடுக்கப்போவதில்லை. படியாமல் தடுப்பது ஒன்றே நமக்கு உள்ள வழி. இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்; ஏனென்றால் கடற்கரைத் துப்புரவு என்ற நற்பணி நம் ஆறுதலாகவும் மாறிவிட்டது. வெர்சோவா கடற்கரையை 2015இலிருந்து தூய்மை செய்த அஃப்ரோஸ் ஷாவையும் அவரோடு நின்றவர்களையும் நான் மனமார மதிக்கிறேன். ஆனால் கரையில் பொறுக்குவது கடல் திருப்பித் தந்ததை மட்டும்தான்.

உலகக் கணக்கும் இதையே சொல்கிறது. ஆஸ்திரேலிய அரசின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனம் 2020இல், கடலடித்தளத்தில் சுமார் 1.4 கோடி டன் நுண்பிளாஸ்டிக் கிடக்கிறது என்று மதிப்பிட்டது. அதே ஆண்டில் இத்தாலியை ஒட்டிய திர்ரேனியக் கடலடியில், அடிநீரோட்டம் குவித்த ஓரிடத்தில், ஒரு சதுர மீட்டருக்கு 19 லட்சம் துகள் வரை எண்ணினார்கள். கலிபோர்னியாவுக்கு அப்பால் சான்டா பார்பரா படுகையில் துளைத்தெடுத்த வண்டலில், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அடுக்குகளில் பிளாஸ்டிக்கின் அளவு 15 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டித்திருப்பது தெரிந்தது. மரியானா அகழியில், ஏறக்குறைய 10,900 மீட்டர் ஆழத்தில், 1998இலேயே ஒரு பிளாஸ்டிக் பை கிடந்ததை ஜப்பானியர் ஒளிப்படமாக வைத்திருக்கிறார்கள். நம் கழி இவ்வளவு ஆழமில்லை. ஆனால் அந்த ஆழத்துக்கும் நம் நாலாவுக்கும் ஒரே விதி.

இப்போது நான் சொல்ல வந்ததன் மையத்துக்கு வருகிறேன். எல்லாப் பிளாஸ்டிக்கும் கழிக்குப் போவதில்லை. இந்த நகரத்தில் எது போகிறது, எது போகவில்லை என்பதைத் தீர்மானிப்பது மாநகராட்சி அல்ல, பழைய பொருள் வாங்கும் பங்கார் கடை.

தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டுக்குப் போயிருப்பீர்கள், அல்லது அங்கே வேலை செய்த உறவினர் யாரேனும் இருப்பார்கள். மும்பை பொறுக்கிய பிளாஸ்டிக் அங்கே வந்து இறங்குகிறது. நிறம் பிரித்து, வகை பிரித்து, அரைத்து, கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து, உருக்கிக் குருணையாக்கி விற்கிறார்கள். ஒரு துண்டைத் தட்டும் ஓசையிலும் கொளுத்தும் புகையின் வாடையிலும் அது எந்த வகை என்று சொல்லக்கூடிய கைகள் அங்கே இருக்கின்றன. பாட்டில் விலை போகும். உடைந்த நாற்காலி விலை போகும். பக்கெட், டப்பா, கழுவிய பால் பாக்கெட் எல்லாம் விலை போகும். விலை போவதால் அவற்றைத் தெருவிலும் நாலாவிலும் தேடிப் பொறுக்குகிறார்கள். இந்தக் கழிக்கு நாம் செய்திருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு அந்தப் பொறுக்கும் பெண்கள்தான். அவர்களுக்குக் கையுறையும் இல்லை, அடையாள அட்டையும் எல்லாருக்கும் இல்லை.

அவர்கள் தொடாமல் விட்டுப் போவது எது? ஷாம்பூ சாஷே. சிப்ஸ் கவர். பிஸ்கட் உறை, மசாலாப் பொட்டலம், குட்கா கிழிசல். ஒன்றன்மேல் ஒன்றாகப் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய பல அடுக்குத் தாள் அது. அடுக்கைப் பிரிக்க முடியாது. ஆகவே உருக்கிப் பயனில்லை. ஆயிரம் சாஷே பொறுக்கினாலும் ஒரு கிலோ தேறுவது கடினம். அந்த ஒரு கிலோவுக்கும் பங்கார்வாலா காசு தரமாட்டார். நாள் முழுதும் குனிந்து உழைக்கிற ஒருத்தி அதைப் பொறுக்காததில் என்ன தவறு? அந்தச் சாஷே நாலாவில் விழுகிறது, கழிக்குப் போகிறது, படிகிறது. கடலடியில் கிடப்பது மனிதன் எறிந்ததெல்லாம் அல்ல. எறிந்தவற்றில் எந்தக் கையும் திரும்ப எடுக்க விரும்பாததே அங்கே சேர்கிறது.

இந்தச் சாஷேயின் வரலாற்றில் நம்மவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்ற சிறுதொழில் முனைவர், பாட்டிலில் மட்டுமே விற்கப்பட்ட ஷாம்பூவைச் சிறு பொட்டலத்தில் அடைத்தால் கூலித் தொழிலாளியும் வாங்குவார் என்று கண்டார். வெல்வெட் ஷாம்பூ அப்படி வந்தது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்பூவைத் தொடங்கி, ஒரு ரூபாய்க்கும் ஐம்பது காசுக்கும் அதைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். அவர்கள் செய்ததில் ஒரு சமத்துவம் இருந்தது. மாதச் சம்பளம் இல்லாதவர், அன்றன்று கூலி வாங்குபவர், தலைக்கு நல்ல ஷாம்பூ போட முடிந்தது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பின்னால் பன்னாட்டு நிறுவனங்கள் எண்ணெய், காப்பி, ஊறுகாய், சோப்புத்தூள் என்று எல்லாவற்றையும் அந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தன. ஐம்பது காசுப் பொருளின் உறை ஐந்நூறு ஆண்டு கிடக்குமா, அதற்கும் மேலா என்று அப்போது யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ஏழைக்குப் பொருள் கிடைக்க வேண்டும், அதன் உறை ஏழையின் நாலாவில் மிதக்கக் கூடாது. இரண்டையும் ஒருசேரக் கேட்பது பேராசை இல்லை.

சட்டம் என்ன செய்தது? 2016இன் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் குட்கா, புகையிலை, பான் மசாலாவைப் பிளாஸ்டிக் சாஷேயில் விற்கத் தடை செய்தன. மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டு ஆண்டில் கைவிட வேண்டும் என்றும் அதே விதிகள் கூறின. நல்ல வரி அது. 2018இல் திருத்தினார்கள்: மறுசுழற்சிக்கோ, எரித்து ஆற்றல் எடுப்பதற்கோ, வேறெந்தப் பயனுக்கோ உதவாததை மட்டும் கைவிட்டால் போதும் என்று மாறியது. எதையும் சிமென்ட் சூளையில் எரிக்கலாம் என்று சொல்ல முடியும்போது, கைவிட வேண்டியது ஒன்றுமே மிஞ்சவில்லை. அதே 2018இல் மகாராஷ்டிரம் பைகளுக்கும் தட்டுகளுக்கும் தடை கொண்டுவந்தது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் ஸ்ட்ரா, கரண்டி, காது குடையும் குச்சி, தெர்மோகோல் அலங்காரம் தடையாயின. சாஷே அந்தப் பட்டியலில் இல்லை. தெருவோரக் கடைக்காரருக்கு அபராதம் விழுகிறது. உறையை அச்சிட்ட ஆலைக்கு இல்லை. இந்த ஏற்றத்தாழ்வை நான் அநீதி என்றே சொல்வேன். உலக அளவில் நடந்த பிளாஸ்டிக் உடன்படிக்கைப் பேச்சும் 2024 இறுதியில் பூசானிலும், 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் முடிவில்லாமல் கலைந்தது. அதற்காகக் காத்திருக்க நமக்கு நேரமில்லை.

விலை இல்லாததற்கு விலை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. நீலகிரியில் 2022இல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பத்து ரூபாயைத் தரும் முறை வந்தது. காட்டில் உடைந்த கண்ணாடி யானையின் காலைக் கிழிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதன் விளைவு. விற்ற பாட்டிலில் மிகப் பெரும்பகுதி திரும்பி வந்தது. அதே குடிகாரர்கள், அதே காடு. பத்து ரூபாய் மட்டும் புதிது. கேரளத்தில், கொல்லத்தை அடுத்த நீண்டகரைத் துறைமுகத்தில், 2017இல் சுசித்வ சாகரம் என்ற திட்டம் தொடங்கியது. வலையில் ஏறும் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கடலில் வீசாமல் மீனவர்கள் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பெண்கள் கழுவிப் பிரித்தார்கள். அரைத்துச் சாலைத் தாரில் கலந்தார்கள். முதல் பத்து மாதத்தில் 25 டன் அளவுக்குக் கடலிலிருந்து ஏறியதாகக் கணக்கு. தாரில் பிளாஸ்டிக் கலக்கும் முறையைக் கண்டவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எல்லாப் பிளாஸ்டிக்கையும் சாலையில் புதைத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. தேய்கிற சாலையும் துகளைத் தரும். நீண்டகரையில் நான் மதிப்பது, கடலடியில் இருப்பதை நாள்தோறும் தொடுகிற மனிதர்களை அந்த வேலைக்குக் கூலி கொடுத்து அழைத்தார்கள் என்பதை.

நம் கழியிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பாண்டுப்பிலும் காஞ்சூரிலும் ஐரோலியிலும் கோலி, ஆக்ரி சமூகத்து மீனவர்கள் வலையை இழுக்கும்போது மீனுக்கு முன்னால் பிளாஸ்டிக்கைத்தான் பிரிக்கிறார்கள். பிரித்ததைக் கரைக்குக் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்ள ஆளில்லை. எடைக்கு ஒரு ரூபாய் இல்லை. மறுபடி நீரிலேயே போகிறது. அவர்களுக்குக் கூலி தர மாநகராட்சியிடம் பணம் இல்லை என்ற பதிலை நான் ஏற்கமாட்டேன். 2022இன் வழிகாட்டுதல்படி, பிளாஸ்டிக் உறையில் பொருள் விற்கும் நிறுவனம் அந்த உறைக்குத் தானே பொறுப்பு. பல அடுக்குப் பிளாஸ்டிக்குக்கு மூன்றாம் வகை என்று தனியே இலக்கும் உண்டு. இன்று அந்தப் பொறுப்பு பெரும்பாலும் சான்றிதழாக வாங்கி விற்கப்படுகிறது. எங்கேயோ ஒரு மாவட்டத்தில் எரித்த ஒரு டன், நம் கழியில் படிந்த ஒரு டன்னுக்கு ஈடாக எழுதப்படுகிறது. கழியோரத்து வார்டில் சேகரித்தால்தான் கழியோரத்துக்குக் கணக்கு என்று விதி மாற வேண்டும். அப்போது சாஷேக்கு நம் தெருவில் விலை வரும். விலை வந்தால் பொறுக்கும் கைகள் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன.

அடுத்தது நாலா வாய். ரயில் பாதைக்குக் கிழக்கே, அலையாத்திக்கு முன்னால், நாலா கழியில் இறங்கும் ஒவ்வோர் இடத்திலும் மிதவைத் தடுப்பும் கம்பி வலையும் வேண்டும். தடுப்பு கட்டுவதைவிட அதைத் தினமும் வாருவது முக்கியம். வாராத தடுப்பு முதல் மழையில் அறுந்து, தானும் ஒரு குப்பையாகச் சரணாலயத்துக்குள் போகும். இன்று நாலா மாநகராட்சியுடையது, அலையாத்தி வனத்துறையின் மாங்குரோவ் பிரிவுடையது, எதிர்க்கரை நவி மும்பை மாநகராட்சியுடையது. மிதக்கிற பை இந்த எல்லைகளை ஓர் ஓதத்தில் கடந்துவிடுகிறது. நம் மனுவோ மாதக்கணக்கில் கடப்பதில்லை. ஆகவே மனுவை மூன்று அலுவலகத்துக்கும் ஒரே நாளில் கொடுக்கலாம் என்பது என் யோசனை. இந்த அறக்கட்டளையின் பெயரில், தமிழிலும் மராத்தியிலும்.

அந்த மனுவில் முதல் கோரிக்கையாக ஒன்றை எழுதச் சொல்வேன். பூநாரைகளை ஆண்டுதோறும் எண்ணுகிறார்கள். அதுபோல் சேற்றையும் எண்ண வேண்டும். சரணாலயத்துக்குள் குறிப்பிட்ட இடங்களைத் தேர்ந்து, மழைக்கு முன் மே மாதத்திலும் மழைக்குப் பின் அக்டோபரிலும், அதே இடத்தில் அதே ஆழத்துக்குச் சேற்றை எடுத்து, அதில் எத்தனை துண்டு, எந்த வகை, எந்த நிறுவனத்தின் உறை என்று பதிந்து மக்கள் முன் வைக்க வேண்டும். பெரிய செலவில்லாத வேலை. நம் பகுதிக் கல்லூரி மாணவர்கள் வனத்துறையின் அனுமதியோடும் வழிகாட்டலோடும் செய்யக்கூடியது. உறைமேல் அச்சிட்ட பெயர் சேற்றில் பல ஆண்டு அழியாமல் இருக்கும். மூன்றாம் வகைக் கணக்கைச் சான்றிதழில் முடிக்கிறவர்களிடம் அந்தப் பட்டியலை எடுத்துப் போகலாம்.

மனுவின் முதல் வரைவை அச்சிட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாசல் மேசையில் இருக்கும். திருத்தம் உள்ளவர்கள் அதிலேயே எழுதுங்கள்; மராத்தியில் பெயர்க்கக்கூடியவர்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தந்துவிட்டுப் போங்கள்.